ஐஃபெல் மலைக்காட்டில் ஈராயிரம் ஆண்டு வாய்க்கால்

வாய்க்கால் என்ற சொல்லை எமது பெரியவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. இங்கு பிறந்து வளரும் பிள்ளைகளுக்கோ அது தமிழ்ப் பாடப்புத்தகத்தில் படத்தோடு வரும் ஒரு சொல் மாத்திரமே. தண்ணீர் என்றால் அவர்களுக்குக் குழாய். திருகினால் வரும், மூடினால் நிற்கும். அது எங்கிருந்து வருகின்றது என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை. உண்மையைச் சொல்வதானால், முப்பது நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டுத் தண்ணீரைக் குடித்துவரும் எமக்கும் அக்கேள்வி எழுந்ததில்லை.

இவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொலோன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த ஐந்து குடும்பங்கள் ஒன்றுகூடி ஐஃபெல் மலைப்பகுதிக்குப் புறப்பட்டோம். பிள்ளைகள் ஒன்பது பேர். பெரியவர்கள் பதினொருவர். அவர்களுள் மூத்தவர் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த எழுபத்து நான்கு வயதுப் பெரியவர். மகனும் மருமகளும் வற்புறுத்தியதாலும், பேத்தி கையைப் பிடித்து இழுத்ததாலுமே அவர் வண்டியில் ஏறினார். "ஐஃபெலில நான் பார்க்காததை நீங்கள் எனக்குக் காட்டப் போறியளோ?" என்று ஏறும்போதே கேட்டார். அக்கேள்வியின் பொருள் எமக்கு மாலையிலேயே விளங்கிற்று.

கொலோனுக்குத் தென்மேற்கே, ஜேர்மனியும் பெல்ஜியமும் எல்லை தாண்டிப் பகிர்ந்துகொள்ளும் ஹோஹஸ் ஃபென் – ஐஃபெல் இயற்கைக் காப்பகம் பரந்து கிடக்கின்றது. பீச் மரக்காடுகள், மலைச்சரிவுப் புல்வெளிகள், அவற்றிடையே வளைந்தோடும் சிற்றாறுகள் என அமைதி குடிகொண்ட நிலம். இக்காப்பகத்தினுள்ளே உர்ஃப்ட் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் நெற்றர்ஸ்ஹைம் என்ற சிற்றூர் உள்ளது. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கொலோன் நகரம் குடித்த தண்ணீர் இவ்வூரின் அருகிலிருந்தே புறப்பட்டது. அத்தண்ணீர் சென்ற வாய்க்காலின் எச்சங்களைக் காண்பதே எமது பயணத்தின் நோக்கம்.

பச்சைக் கிணறு

நெற்றர்ஸ்ஹைமில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஆற்றோரமாக நடந்தோம். வழியில் ஒரு மேட்டில் உரோமர் காலக் கோயிலொன்றின் அடித்தளம் உள்ளது. 1909 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட இக்கோயிலில் மூன்று தாய்த் தெய்வங்கள், மடியில் கனிக்கூடைகளுடன் அருகருகே அமர்ந்திருக்கும் கற்கள் நடப்பட்டிருந்தன. உள்ளூர் மக்களும் உரோமப் படையினரும் ஒருசேர வணங்கிய தாய்மார் இவர்கள். இன்றும் யாரோ வந்து அங்கு பூவும் பழமும் வைத்துவிட்டுச் செல்கின்றனர். எம்முடன் வந்த அம்மா ஒருவர் வழியோரத்தில் பறித்த மஞ்சட் பூவொன்றை எவருக்கும் சொல்லாமல் அக்கல்லடியில் வைத்ததை நாம் கண்டும் காணாததுபோல் நடந்தோம்.

அரைமணி நேரத்திற்கு மேற்பட்ட நடையின் பின் அடைந்த இடத்திற்கு ஜேர்மன் மொழியில் 'பச்சைக் கிணறு' என்று பொருள்படும் பெயர். பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்த்து வந்த பிள்ளைகளுக்கு முதலில் ஏமாற்றமே. மலையடிவாரத்தில் சதுரமான சிறு கற்றொட்டி ஒன்று. அதனை நோக்கி நிலத்தடியே வரும் ஒரு கல் வாய்க்கால். அவ்வளவுதான்.

ஆனால் அச்சிறு தொட்டியின் வேலைப்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது. உரோமர் ஆற்றுநீரைத் தொடவில்லை. ஆறு அருகே ஓடியும் அதனை விடுத்து, மலையினுள்ளிருந்து கசியும் ஊற்றுநீரையே நாடினர். மலையடிவாரம் நெடுக ஏறக்குறைய 80 மீற்றர் நீளத்திற்கு ஒரு கசிவு வாய்க்காலை அமைத்தனர். மலைப்பக்கச் சுவரின் கற்களைச் சாந்து பூசாமல் அடுக்கினர். அவ்விடைவெளிகளினூடே மலைநீர் தானாக உள்ளே வடிந்தது. வடிந்த நீர் சதுரத் தொட்டியிற் சேர்ந்து, மண்டி தங்கி, தெளிந்த பின்னரே வாய்க்காலினுட் சென்றது.

கி.பி. 80 ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட இவ்வாய்க்காலின் நீளம் 95 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். வேறு ஊற்றுக்களிலிருந்து வந்து சேரும் கிளைகளையும் கூட்டினால் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். நாளொன்றுக்கு 20,000 கனமீற்றர், அதாவது இரண்டு கோடி லீற்றர் தண்ணீரை அது கொலோனுக்குக் கொடுத்ததாகக் கணக்கிட்டுள்ளனர். பம்பி இல்லை, இயந்திரம் இல்லை. நிலத்தின் சாய்வு ஒன்றே அதனை நடத்தியது. பல இடங்களில் அச்சாய்வு ஒரு கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவே. தண்ணீர் ஏறாது, இறங்க மட்டுமே செய்யும். ஆதலால் தேவைக்கு மேல் ஒரு சாண் உயரத்தையும் இழந்துவிடாமல், மலைச்சரிவுகளைப் பற்றிப் பிடித்து, வளைந்து வளைந்து சென்றனர். நேர்கோட்டில் அளந்தால் இதன் பாதியைவிடச் சற்றே கூடிய தூரம் தான். உர்ஃப்ட் ஆற்றின் நீர் இயல்பாகச் சென்றடைவது மாஸ் நதியை. கொலோனோ றைன் நதிக்கரையில் உள்ளது. ஒரு நதிப் படுகையிலிருந்து மற்றொரு நதிப் படுகைக்கு, இடையேயுள்ள மேட்டை உரிய இடம் பார்த்துக் கடந்து, நீரைக் கொண்டு சென்றிருக்கின்றனர்.

எம்மூர்த் தண்ணீரின் உறவு

இவ்வளவு தொலைவு சென்று இந்நீரைக் கொணர்ந்தது ஏன்? றைன் நதி நகரின் வாசலிலேயே ஓடவில்லையா? இக்கேள்வியைக் கேட்டவன் பதின்மூன்று வயது மாணவன்.

உயரத்திலிருந்து வரும் நீர் நகரின் எல்லா மூலைகளுக்கும் தானே பாயும் என்பது ஒரு காரணம். சுவையும் உடல்நலமும் மற்றொரு காரணம். புதிய ஊற்றொன்றைத் தெரிவு செய்வதற்கு முன் அதனருகே வாழும் மனிதரின் உடற்கட்டையும் நிறத்தையும் கண்களையும் பார்க்கவேண்டும் என உரோமக் கட்டடக்கலை அறிஞர் விற்றூவியஸ் எழுதியிருக்கின்றார். ஐஃபெல் மலையின் ஊற்றுநீர் சுண்ணாம்பு கலந்த கடினநீர். அதனையே உரோமர் விரும்பினர்.

இங்கு எமது யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் முகம் மலர்ந்தது. நல்லதண்ணீர்க் கிணறு, உவர்க் கிணறு என்று ஊரையே இரண்டாகப் பிரித்து அறிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பை அறியாத யாழ்ப்பாணத்து வீடு எது? யாழ் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கின்றது. ஆறு இல்லாத அந்நிலத்திற்கு மழைநீரைத் தன் பொந்துகளிற் சேமித்துக் கிணறுகளுக்குக் கொடுப்பது அப்பாறையே. ஐஃபெல் மலையின் சுண்ணாம்புப் பாறை ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பக் கடலொன்றின் அடியில், பவளப் பாறைகளாக உருவானது. நெற்றர்ஸ்ஹைமிலுள்ள இயற்கை மையத்தில் அக்கடலுயிர்களின் கற்படிவங்களைப் பிள்ளைகள் தொட்டுப் பார்த்தனர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் வயதில் மிக இளையது. ஆயினும் அதுவும் கடல் ஈன்ற கல்லே. ஊரை விட்டுப் பல்லாயிரம் மைல் வந்த பின்னும் அதே குணமுள்ள தண்ணீரையே இங்கும் கொதிக்க வைக்கின்றோம் என்பது அன்றுதான் எமக்குத் தெரிந்தது.

ஆள் புகக்கூடிய அளவு

பின்னர் வண்டியிலேறி, வாய்க்காலின் வழியைத் தொடர்ந்து கல்மூத், ஐசர்ஃபை ஆகிய ஊர்களுக்குச் சென்றோம். கல்மூத்தில் மற்றுமொரு ஊற்றுத்தொட்டியைக் கூரையிட்டுப் பாதுகாத்துள்ளனர். ஐசர்ஃபையில் இரண்டு கிளை வாய்க்கால்கள் வந்து கலக்கும் வட்டத்தொட்டி உள்ளது. வழியில் ஓரிடத்தில் வாய்க்காலின் குறுக்குவெட்டைக் காணும்படி நிலம் திறந்து விடப்பட்டிருந்தது.

ஏறக்குறைய 70 சென்ரிமீற்றர் அகலம். ஒரு மீற்றரை ஒட்டிய உயரம். பக்கச் சுவர்களில் செங்கற்றூள் கலந்த, நீர் புகாத செந்நிறச் சாந்து. மேலே வளைந்த கல் மூடி. அதற்கும் மேலே ஏறக்குறைய ஒரு மீற்றர் மண். உறைபனிக் காலத்திலும் நீர் உறையாமலிருக்க, கோடையிலும் குளிர்ச்சி குன்றாமலிருக்க, முழுவதையும் நிலத்தடியே புதைத்திருக்கின்றனர்.

அதுவரை பேசாதிருந்த மன்னார்ப் பெரியவர் அங்கு குந்தியிருந்து, வாயிலினூடே உள்ளே நெடுநேரம் பார்த்தார். கைத்தடியால் அகலத்தையும் உயரத்தையும் அளந்தார். பின்பு எம்மைப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி, தண்ணிக்கு இவ்வளவு உயரம் தேவையில்லை. உது ஆள் பூந்து துப்பரவாக்கிறதுக்கு விட்ட உயரம். கட்டினவையைப் பற்றி எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கு. துப்பரவாக்கினவையைப் பற்றி ஒண்டும் இல்லையே?"

நாம் விடை கூற இயலாது நின்றோம். அவர் கூறியது சரியே. ஓர் ஆள் தவழ்ந்து செல்லக்கூடியதாகவே வாய்க்கால் அமைக்கப்பட்டிருந்தது. இறங்குவதற்கு இடையிடையே குழிகளும் வைக்கப்பட்டிருந்தன. அக்குழிகளில் இறங்கி, இருளில், குளிர்நீரில் முழங்காலூன்றி, வேரையும் மண்ணையும் அகற்றியவர் எவர் என்பதை எந்தக் கல்வெட்டும் எமக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஆண்டுதோறும் இறங்கியிராவிட்டால் கொலோனுக்குத் தண்ணீர் இல்லை.

35 சென்ரிமீற்றர்

வூசெம் என்னும் ஊரில் பள்ளத்தாக்கொன்றைக் கடக்க உரோமர் கட்டிய நீர்ப்பாலத்தின் சில தூண்களும் வளைவுகளும் அண்மைக் காலத்தில் மீளக் கட்டப்பட்டு நிற்கின்றன. முழுமையாக இருந்த காலத்தில் அப்பாலம் ஏறக்குறைய 80 மீற்றர் நீளமுடையது. இதனினும் பெரியது றைன்பாக்குக்கும் மெக்கன்ஹைமுக்கும் இடையே ஸ்விஸ்ற் ஓடையைக் கடந்த பாலம். 1,400 மீற்றர் நீளம், 295 வளைவுகள். இன்று அதில் நிலத்திற்கு மேலே காண்பதற்கு ஏதுமில்லை என்றே சொல்லலாம்.

பாலத்தடி நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். உண்டுகொண்டிருக்கையில் தமிழ்ப் பாடசாலை ஆசிரியை பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார். அது கற்பனையன்று, அகழ்வாய்வில் வெளிப்பட்ட உண்மை. வாய்க்காலைப் பல பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு குழுக்கள் ஒரே காலத்தில் கட்டின. லெசெனிக் என்னும் இடத்தில் இரு குழுக்களின் வேலை வந்து சந்தித்தபோது மட்டம் ஒத்துவரவில்லை. ஒரு பகுதி மற்றதைவிட 35 சென்ரிமீற்றர் உயரமாக இருந்தது. இடித்துக் கட்டவில்லை. அவ்விடத்தில் சிறு தொட்டியொன்றை அமைத்து, நீர் அதனுள் விழுந்து, வேகம் தணிந்து, மறு வாய்க்காலிற் செல்லும்படி செய்துவிட்டனர்.

"பிழை விட்டார்கள். ஆனால் அப்பிழை தெரியாமல் தண்ணீர் ஓடிற்று" என்று ஆசிரியை முடித்தார். சங்கங்களும் எதிர்ச் சங்கங்களுமாய்ப் பிரிந்து, ஒரு விரற்கடை மட்ட வேறுபாட்டிற்காக ஒருவரோடொருவர் பேசாதிருக்கும் எமது பெரியவர்கள் சிலர் அப்போது சோற்றுப்பொதியை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

தண்ணீர் கடந்த எல்லை

உணவின் பின்னர் பெரியவர் தாமாகவே வாய் திறந்தார்.

அவர் 1986 ஆம் ஆண்டில் ஜேர்மனிக்கு வந்தவர். ஐஃபெல் மலைப்பகுதியிலுள்ள ஒரு சிறு நகரின் அகதிகள் விடுதியில் ஐந்து ஆண்டுகள் வைக்கப்பட்டிருந்தார். 1982 ஆம் ஆண்டின் புகலிடச் சட்டப்படி, புகலிடம் கோரியோர் தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்ட எல்லையை அனுமதிப் பத்திரம் இன்றித் தாண்டலாகாது. 2015 ஆம் ஆண்டில் இவ்விதி பெருமளவு தளர்த்தப்பட்டது. அதற்கு முன் வந்த எம்மவருள் இவ்விதியின் கசப்பை அறியாதவர் குறைவு.

1988 ஆம் ஆண்டில் கொலோனில் அவருடைய ஒன்றுவிட்ட தமையனார் காலமானார். அது வெள்ளி மாலை. அலுவலகம் மூடியிருந்தது. ஞாயிறு காலை கிரியை. திங்கள் வரை காத்திருக்க முடியாமல் புகைவண்டி ஏறினார். சிறு நிலையமொன்றில் பொலிசார் அவரை இறக்கினர். கையிலிருந்த கடதாசியில் மாவட்டத்தின் பெயரைக் காட்டி, நீ இங்கு நிற்கக்கூடாது என்றனர். கிரியைக்குப் போகமுடியவில்லை. பின்னர் தண்டப்பணமும் வந்தது. மாதக் கைச்செலவில் மிச்சம் பிடித்து அதனைக் கட்டினார்.

"அந்த ஸ்ரேசனுக்குப் பின்னால இருக்கிற மலையைத்தான் அண்டைக்கு ஒரு மணித்தியாலம் பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார். "இந்த வாய்க்கால் அதுக்குள்ளாலதான் போயிருக்குதெண்டு இண்டைக்கு மப்பைப் பாத்துத்தான் தெரியும். தண்ணி அந்த எல்லையைத் தாண்டிப் போயிருக்கு. என்னைத்தான் விடேல்லை."

விடுதியை விட்டு வெளியேறிய நாள் முதல் அவர் ஐஃபெல் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. காலையில் வண்டியில் ஏறும்போது கேட்ட கேள்வியின் பொருள் இதுவே. பதினொரு வயதுப் பேத்தி இதனை முதன்முறையாக அன்றுதான் கேட்டாள். "அப்பப்பா, ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்றாள். அவர் விடை சொல்லவில்லை. அவளுடைய கையை எடுத்துத் தம் கையில் வைத்துக்கொண்டார்.

கல்லாகிய தண்ணீர்

அவ்வாய்க்கால் ஓடியது ஏறக்குறைய 180 ஆண்டுகள். கி.பி. 260 ஆம் ஆண்டளவில் பிராங்கியர் படையெடுப்புக்களின்போது அது சேதமுற்றதாகக் கருதப்படுகின்றது. அதன் பின்னர் அது திருத்தப்படவில்லை. கவனிக்க வேண்டியது, கொலோன் நகரம் அழிந்துவிடவில்லை என்பதே. மக்கள் அங்கேயே வாழ்ந்தனர், கிணற்றுநீரைக் குடித்தனர். 95 கிலோமீற்றரில் பெரும்பகுதி சிதையாமல் நிலத்தடியே இருந்தது. ஆயினும் வாய்க்கால் என்பது சங்கிலி போன்றது. ஓரிடத்தில் அறுந்தால் எல்லா இடத்திலும் அறுந்ததே. அறுந்த இடத்திற்குச் சென்று கட்டும் அதிகாரமும் ஆட்களும் அற்றுப்போயின.

பின்வந்த தலைமுறையினர் அதனைக் கட்டியவர் யாரென்பதையே மறந்தனர். இவ்வளவு நீண்ட வேலையை மனிதர் செய்திருக்க முடியாதென எண்ணி, அது பிசாசின் வேலை என்றனர். கொலோன் பேராலயத்தைக் கட்டிய கலைஞனோடு பிசாசு பந்தயம் கட்டியதாம். ஆலயம் முடியுமுன் திரியர் நகரிலிருந்து கொலோனுக்குத் தான் தண்ணீர் கொணர்வதாகக் கூறிற்றாம். வாய்க்காலில் வாத்துகள் நீந்தி வருவதைக் கண்ட கலைஞன் கோபுரத்திலிருந்து குதித்து மாண்டானாம். 1248 ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பேராலயம் 1880 ஆம் ஆண்டில்தான் முடிந்தது என்பதை எண்ணினால் மக்கள் இப்படியொரு கதை கட்டியது வியப்பன்று.

ஆனால் உண்மை கதையைவிட வியப்பானது. சுண்ணாம்பு கலந்த அந்நீர் ஓடிய ஒவ்வோர் ஆண்டும் வாய்க்காற் சுவரில் மெல்லிய படையொன்றை விட்டுச் சென்றது. கேத்திலில் படிவது போலவே. 180 ஆண்டுகளில் அது 20 சென்ரிமீற்றர் வரை தடித்தது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் என்று கணக்கு. மரத்தின் வளையங்களைப் போல வரி வரியாய், பழுப்பு நிறமாய் இறுகிய அக்கல்லை நடுக்காலத்து மக்கள் வெட்டியெடுத்து மினுக்கிப் பார்த்தனர். பளிங்கு போல ஒளிர்ந்தது. பளிங்கு கிடைக்காத அந்நாட்டில் அது பெரும் செல்வமாயிற்று. மரியா லாக் மடாலயத்தில் தூணாயிற்று. பாடர்போர்ன் பேராலயத்திற்கும் சென்றது. கடல் கடந்து டென்மார்க்கின் றொஸ்கில்ட பேராலயம் வரை சென்றது.

வாய்க்கால் செத்தது, அதில் ஓடிய நீர் கல்லாகிப் பிறநாட்டுக் கோயில்களுக்குப் போயிற்று. பளிங்கை வியந்தோர் பலர். அது ஒரு நகரம் குடித்த தண்ணீரின் மிச்சம் என்பதை அறிந்தவர் அவருட் சிலரே.

கட்டுக்கரையின் கீழே

மாலை வெயிலில் திரும்பி நடக்கையில் பெரியவர் பேத்திக்குத் தம் ஊர்க் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவருடைய கிராமம் மன்னார்க் கட்டுக்கரைக்குளத்தின் கீழே உள்ளது. அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவந்து நிரப்பும் பழம்பெரும் குளம் அது. தூர்ந்துகிடந்த அதனை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் புனரமைத்தனர். அதிலிருந்து பாயும் நீர் பல சிறு கிராமக் குளங்களை நிரப்பும்.

"உரோமாபுரிக்காரர் மட்டுமே வாய்க்கால் வெட்டினவை? எங்கட அப்புவின்ர காலத்தில ஏக்கருக்கு இத்தனை முழமெண்டு கணக்கு. வயல் வைச்சிருக்கிறவன் எல்லாரும் தன்ர பங்கை வெட்டித் துப்பரவாக்க வேணும். வராதவன்ர வயலுக்குத் தண்ணி கடைசியாத்தான்" என்றார்.

பேத்திக்குப் பல சொற்கள் புரியவில்லை. அவர் பாதையோர மண்ணில் கைத்தடியாற் கீறிக் காட்டினார். இது அணைக்கட்டு. இது அலைகரை. இது துருசு, இதனைத் திறந்தால் நீர் வெளியே வரும். இது கலிங்கு, குளம் நிறைந்தால் மிகுதி நீர் இவ்வழியே வான் பாயும். இது வாய்க்கால். இவை வரம்புகள். தண்ணீர்ப் பங்கீட்டை மேற்பார்ப்பவர் வட்டவிதானை. அவள் தன் கைத்தொலைபேசியில் அக்கீறலைப் படமெடுத்து, ஒவ்வொரு சொல்லையும் தமிழில் எழுதித் தரும்படி ஆசிரியையைக் கேட்டாள்.

2014 ஆம் ஆண்டில் பெரியவர் ஊர் போய் வந்தார். பெருங்குளத்தில் நீர் நின்றது. அவருடைய கிராமத்தின் சிறு குளத்திற்கு நீர் வரும் வாய்க்காலோ பற்றை மூடிக் கிடந்தது. கட்டு உடையவில்லை, துருசு இடிந்துவிடவில்லை. 2007, 2008 ஆம் ஆண்டுகளின் போரில் இடம்பெயர்ந்தவருட் பாதிப்பேர் திரும்பவில்லை. மீதிப் பாதியில் இளையவர் பலர் வெளிநாட்டில். துப்பரவாக்கக் கை இல்லை. "அதுவும் இதைப்போலத்தான் கிடக்கு, தம்பி. ஆனால் அதைப் பாக்க ஆரும் பலகை எழுதி வைக்கேல்லை" என்றார்.

வாய்க்காலைக் கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதை ஓட வைப்பது ஒவ்வொரு தலைமுறையின் வேலை. அன்று ஐஃபெல் காட்டில் நாம் கற்றது இதுவே. மண்வெட்டி பிடிக்கும் தொலைவில் நாம் இல்லை. ஊர் திரும்பும் வழி எமக்குள் பலருக்கு அடைபட்டே உள்ளது. ஆனால் எந்தக் குளத்திலிருந்து எந்த வாய்க்கால் எந்த வயலுக்குச் சென்றது, பங்கு எவ்வாறு பிரிக்கப்பட்டது, எந்தக் கிணறு கோடையிலும் வற்றவில்லை என்பதெல்லாம் எமது முதியவர்களின் நினைவில் இன்னும் இருக்கின்றன. அவர்கள் மறைந்தால் எமது வாய்க்கால்களும் 'பிசாசு கட்டியவை' ஆகிவிடும்.

செல்ல விரும்புவோருக்கு

நெற்றர்ஸ்ஹைமிலிருந்து கொலோன் வரை வாய்க்காலின் தடத்தைப் பின்பற்றி நடைபாதை ஒன்று 1988 ஆம் ஆண்டு முதல் உள்ளது. வழிநெடுகிலும் விளக்கப் பலகைகள் உள்ளன. முழுவதும் நடக்கப் பல நாட்கள் வேண்டும். குடும்பமாகச் செல்வோர் காலையில் பச்சைக் கிணற்றையும் மாலையில் வூசெம் பாலத்தையும் பார்த்து ஒரே நாளில் திரும்பலாம். இடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. காட்டுப் பாதையாதலால் நல்ல சப்பாத்து அவசியம். உணவும் குடிநீரும் கொண்டு செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். பூக்களைப் பறிக்க வேண்டாம். கற்படிவங்களையும் வாய்க்காற் கற்களையும் எடுத்துவர வேண்டாம். அது காப்பகம். கனமழை நாட்களில் ஆற்றோரத்தைத் தவிர்த்துக் கொள்ளுங்கள். 2021 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐஃபெல் மலையின் இதே சிற்றாறுகள் பெருகி ஊர்களை அழித்ததையும், அவ்வெள்ளத்தில் ஜேர்மனியில் 180 பேருக்கு மேல் உயிரிழந்ததையும் நாம் மறந்துவிடலாகாது.

முடிந்தால் வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். பலகைகளில் எழுதப்படாததை அவர் சொல்வார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் குளம், துருசு, வாய்க்கால், கிணறு ஆகியவற்றின் பெயர்களையும், தண்ணீர் பங்கிட்ட முறையையும், துப்பரவு வேலை நடந்த விதத்தையும் உங்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதி எமக்கு அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். படம் கீறி அனுப்பினால் இன்னும் நன்று. வாரம் ஒன்றாக இப்பக்கத்தில் வெளியிடுவோம்.

முதலாவது கட்டுரை எமக்கு வந்து சேர்ந்துவிட்டது. மண்ணில் கீறிய குளப் படத்தைக் கடதாசியிற் கீறி, பதினொரு வயதுக் கையெழுத்தில், துருசையும் கலிங்கையும் சரியான இடத்திற் குறித்து அனுப்பியிருக்கின்றாள் அப்பேத்தி. அடுத்த இதழில் அதனைக் காணலாம்.